பொறாமைக்கு இங்கிலீஷில் என்ன?

என்வி என்கிற ஆங்கிலச் சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பிசாசு. மொட்டைத் தலை, இரண்டு கொம்பு, நீண்ட நகங்கள், பின்னால் ஒரு வால். 1980களில் ஒனிடா டிவி விளம்பரத்தில் வந்த ஆள். ‘நெய்பர்ஸ் என்வி, ஓனர்ஸ் ப்ரைட்’ என்பது வாசகம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்வி, வாங்கினவனுக்குப் பெருமை. இங்கிலீஷில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசத் தெரியாத வீடுகளில்கூட இந்த நாலு வார்த்தை தெரியும். என் வயதுக்காரர்கள் அந்தப் பிசாசைச் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள். இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் யூடியூபில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வாசகத்தை எழுதியவருக்குச் சொல் தெரிந்திருந்தது. ‘ஜெலஸி’ என்று போட்டிருந்தால் கதையே மாறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்வி என்றால், உன் வீட்டில் இருக்கும் டிவி அவன் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஜெலஸி என்றால், அவனிடம் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அதை நீ தட்டிக்கொண்டு போய்விடுவாயோ என்று பயப்படுகிறான். டிவி விற்க அந்தக் கதை உதவாது.

திருவொற்றியூரில் நாங்கள் சில நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடத்துகிறோம். பெரிய விஷயமில்லை. இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குவது. கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிறவர்கள், ஐடிஐ முடித்துவிட்டு ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள், எண்ணூர்க் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள் என்று பதினைந்து பேர் வரை இருப்பார்கள். எல்லோருக்கும் நான் ‘அண்ணா’. வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் என்வி வந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த சொல் மூன்று வாரம் இழுத்தது.

இலக்கணப் பகுதி சுலபம். நம் ஆட்கள் சொல்கிற வாக்கியங்கள் மூன்று வகை. ‘ஐ ஆம் என்வி’, ‘ஐ ஆம் என்வி ஆஃப் ஹிம்’, ‘ஐ என்வி ஆன் ஹிம்’. மூன்றுமே தமிழிலிருந்து நேராக வருகின்றன. ‘எனக்குப் பொறாமையா இருக்கு’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ‘ஐ ஆம் என்வி’. ‘அவன் மேல பொறாமை’ என்பதில் இருக்கும் மேல், ‘ஆன்’ ஆகிறது. ஆங்கிலத்தில் என்வி ஒரு வினைச்சொல். ‘ஐ லவ் ஹிம்’ என்பதற்கு நடுவில் எதுவும் வராதது மாதிரி ‘ஐ என்வி ஹிம்’ என்பதற்கு நடுவிலும் எதுவும் வராது. ‘ஆம்’ போட்டுத்தான் சொல்வேன் என்றால் ‘ஐ ஆம் என்வியஸ் ஆஃப் ஹிம்’. அதே சொல் பெயராகவும் வரும். தெருவே பார்த்து ஏங்குகிற ஆள் ‘தி என்வி ஆஃப் தி ஸ்ட்ரீட்’. பொறாமைப்படுகிறவன் என்வியஸ். பொறாமைப்பட வைக்கிற நிலையில் இருப்பது என்வியபிள். இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டால், நல்ல சம்பளத்தில் இருக்கும் மேனேஜரைப் பாராட்டப் போய் வயிற்றெரிச்சல் பிடித்தவர் என்று சொன்னதாகிவிடும்.

இந்த வினைச்சொல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. அது இரண்டு செயப்படுபொருளை ஒன்றாகத் தாங்கும். ஆளையும் சொல்லலாம், அவனிடம் இருக்கும் பொருளையும் சொல்லலாம். ‘ஐ என்வி ஹிம் ஹிஸ் புல்லட்.’ ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாரிக்க 1950களில் ஆலை வந்த ஊர் திருவொற்றியூர் என்பதால் இந்த உதாரணத்துக்கு வகுப்பில் விளக்கம் தேவைப்படவில்லை. அவன், அவன் புல்லட், பார்த்துக்கொண்டு நிற்கும் நான். ஆள் இரண்டு, பொருள் ஒன்று. என்வியின் முழு அமைப்பும் அந்த ஐந்து வார்த்தைக்குள் இருக்கிறது.

ஜெலஸியில் ஆள் மூன்று. நான், எனக்கு வேண்டியவர், நடுவில் வந்து நிற்கிற மூன்றாமவர். என்னிடம் இருப்பது போய்விடுமோ என்ற பயம். ஒதெல்லோவுக்கு இருந்தது இது. தங்கச்சி பாப்பா பிறந்ததும் அம்மா மடியை விட்டு இறங்காத மூன்று வயதுப் பையனுக்கு இருப்பதும் இதுதான். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில், ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும், நண்பன் கோவா போட்டோ போட்டால் ‘ஐ ஆம் ஸோ ஜெலஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதனால் வகுப்பில் சொன்ன விதி இது: ஜெலஸ் இரண்டு வேலையும் பார்க்கும், என்வி ஒரே வேலைதான் பார்க்கும். காதலி வேறொருவனோடு பேசினால் வருகிற உணர்ச்சிக்கு என்வி என்று சொல்லவே கூடாது.

அப்போது ஒரு பெண் கேட்டாள். “அது பொசசிவ்தானேண்ணா?”

சரியான கேள்வி. தமிழில் பொறாமை என்று ஒரே சொல்தான் இருக்கிறது, அதனால்தான் நமக்கு என்வியும் ஜெலஸியும் குழம்புகின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தலைமுறை இரண்டையும் எப்போதோ பிரித்துவிட்டது. ‘அவன் ரொம்ப பொசசிவ்டா’ என்று சொல்கிற யாரும் அந்த இடத்தில் ‘அவன் ரொம்பப் பொறாமைக்காரன்டா’ என்று சொல்ல மாட்டார்கள். கணவன் மனைவிக்குள் என்றால் முன்தலைமுறை ‘சந்தேகம்’ என்றது. அதாவது தமிழ் பேசுகிறவருக்கு மூன்று பேர் கணக்கும் இரண்டு பேர் கணக்கும் தனித்தனியாகத் தெரியும். பொறாமைக்கு இங்கிலீஷில் ஜெலஸி என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப்போட்ட இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான இடங்களில் பொறாமைக்கு இங்கிலீஷில் என்வி.

வயிற்றையும் காதையும் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்லும். ‘வயித்தெரிச்சல்’ என்கிறோம். காலேஜ் பசங்கள் அதையே ‘ஃபுல் ஸ்டொமக் பர்னிங்’ என்று ஆங்கிலமாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் ஜெலுசில் எடுத்துக் கொடுப்பார். ‘காதுல பொகை வருது’ என்கிறோம். ‘செம காண்டுல இருக்கான்’ என்கிறோம். இவை எல்லாமே இரண்டு பேர் கணக்கு. அவனுக்குக் கிடைத்துவிட்டது, எனக்குப் புகைகிறது.

*

பொறாமை என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஆசை இல்லை, கோபம் இல்லை. பொறு, அதோடு எதிர்மறை ‘ஆ’, கடைசியில் ‘மை’. பொறுக்காமல் இருப்பது, தாங்க முடியாதது. பேச்சு வழக்கில் இன்னும் அப்படியே இருக்கிறது: ‘நாம நல்லா இருக்கிறது அவனுக்குப் பொறுக்கல.’ லத்தீனில் என்விக்கு மூலச்சொல் இன்விடியா. அதற்குள் இருப்பது பார்வை, கெட்ட கண்ணோடு பார்ப்பது. நாம் கண்ணேறு, திருஷ்டி என்று சொல்கிற விஷயம். ஜெலஸிக்கு மூலம் ஸீலோஸ் என்ற கிரேக்கச் சொல். ஆர்வம், வைராக்கியம் என்ற பொருளில் வரும் ‘ஸீல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதான் தாய். ஒரு மொழி கண்ணைப் பிடித்தது, ஒரு மொழி வேகத்தைப் பிடித்தது. தமிழ் பிடித்தது பொறுமையை, அது இல்லாமல் போவதை.

திருக்குறளின் அதிகார வரிசையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 15ஆவது அதிகாரம் பிறனில் விழையாமை. 16 பொறையுடைமை. 17 அழுக்காறாமை. 18 வெஃகாமை. பிறன் மனைவியை விரும்பாதே, பொறுத்துக்கொள், பொறாமைப்படாதே, பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே. பொறுமைக்கு அடுத்த அதிகாரமாகப் பொறாமையை வைத்திருக்கிறார் வள்ளுவர். பொறாமையையும் பேராசையையும் ஒன்றாகக் கட்டாமல் தலைக்குப் பத்துக் குறளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார். வெஃகுகிறவனுக்குப் பொருள் வேண்டும். அழுக்காறு உள்ளவனுக்குப் பொருளே வேண்டாம். அடுத்தவனிடம் அது இருக்கக் கூடாது, அவ்வளவு போதும்.

இந்த இரண்டாவது வகைக்கு டச்சு மொழியில் தனிச்சொல் இருக்கிறது, ‘அஃப்குன்ஸ்ட்’. நானும் அப்படி ஆக வேண்டும் என்று ஏங்க வைக்கும் முதல் வகைக்கு ‘பெனைடன்’. 2009இல் ஃபன் டி ஃபென், ஸேலன்பெர்க், பீட்டர்ஸ் என்ற மூன்று நெதர்லாந்து உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வகை பொறாமை நம்மை மேலே ஏறத் தூண்டுகிறது, இன்னொரு வகை அடுத்தவரைக் கீழே இழுக்கத் தூண்டுகிறது என்பது அதன் சாரம். சொல் ஒன்றே ஒன்று இருக்கும் மொழிகளிலும் அனுபவம் இரண்டாகத்தான் இருக்கிறது என்றும் காட்டினார்கள். ‘செம பொறாமையா இருக்குடா மச்சான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வது முதல் வகை. அதை நேருக்கு நேராகச் சொல்ல முடிகிறது. இரண்டாவது வகையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாய்விட்டுச் சொல்லாததால்தான் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. கடை வாசலில் இரண்டு கழுதைகள் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று நிற்கின்றன. யாருடைய கண் என்று தெரியாது. ஏதோ ஒரு கண்.

ஆங்கிலத்தில் ‘ஐ என்வி யூ’ என்பது பெரும்பாலும் அந்த முதல் வகைதான். மரியாதையான பாராட்டு. இன்டர்வியூவிலோ ஆபீஸிலோ தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதிலும் ஒரு பொய் நுழைய இடம் உண்டு. ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கடலுக்குப் பக்கத்தில் வீடு என்று தெரிந்ததும் ‘வாவ், ஐ என்வி யூ’ என்று சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். நல்ல மனதோடு சொன்னதுதான். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. அதோடு சேர்ந்து நிலக்கரித் தூசும், ராத்திரி முழுக்க லாரிச் சத்தமும், காற்று திரும்பினால் மணலிப் பக்கத்திலிருந்து வரும் வாடையும் இருக்கின்றன. வகுப்பில் இதற்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். ‘மாத்திக்கலாமா?’ என்று கேள். சரி என்று தலையாட்டினால் அது என்வி. சிரித்து மழுப்பினால் அது உபசார வார்த்தை. கிராமத்து வாழ்க்கையின் எளிமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இந்தச் சோதனையில் தேறுவார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

*

இரண்டாவது வாரத்துக்கு வீட்டுப்பாடம்: இரண்டு செயப்படுபொருள் வைத்து ஒரு வாக்கியம். அக்காவின் அரசு வேலை, நண்பனின் பைக், கூடப் படித்தவளின் இங்கிலீஷ் என்று வந்தன. ஒருவன் ‘ஐ என்வி நோபடி எனிதிங்’ என்று எழுதியிருந்தான். இலக்கணம் சரி, எழுதியவனை யாரும் நம்பவில்லை. எண்ணூர்க் குப்பத்திலிருந்து வருகிற பையன் எழுதியிருந்தது: ‘ஐ என்வி மை க்ராண்ட்ஃபாதர் ஹிஸ் ரிவர்.’

இலக்கணத்தில் குறை இல்லை. ஆள், பொருள், பார்த்துக்கொண்டு நிற்கும் நான். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற எண்ணூர்க் கழிமுகத்தில் அவன் தாத்தா இறாலும் நண்டும் பிடித்தவர். இப்போதும் உயிரோடு இருக்கிறார். அவர் வலை போட்ட இடங்களில் அனல் மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து கிடக்கிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல் மின் நிலையம் வந்துவிட்டது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்துவிட்டது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய். அதே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடி வந்தார்கள்.

பொசசிவ் கேள்வி கேட்ட அதே பெண்தான் இதற்கும் எழுந்தாள். “அந்த ஆறு தாத்தாகிட்டருந்து இவனுக்கு வந்திருக்க வேண்டியதுதானேண்ணா? யாரோ கெடுத்துட்டாங்க. அப்ப இது எப்படி என்வி ஆகும்?”

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்’ புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். என்வி வேறு, ரிசென்ட்மென்ட் வேறு என்கிறார். அடுத்தவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்பதால் மட்டும் வருவது என்வி. எனக்கு இல்லாமல் போனதற்கு ஓர் அநியாயமான ஏற்பாடு காரணம் என்று காட்ட முடிந்தால் அது ரிசென்ட்மென்ட், நியாயத்தின் பக்கம் நிற்கும் கோபம். அதைச் சொல்கிறவன் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். காரணம் காட்டிவிட்டால் கேட்கிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். என்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘அது உன் வயித்தெரிச்சல்’ என்று போய்விடலாம்.

போய்விடுகிறார்கள் என்பதுதான் வடசென்னைக்காரனின் அனுபவம். சென்னையில் மெட்ரோ 2015இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடியது. வண்ணாரப்பேட்டைக்கு 2019இல் வந்தது. விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்த ஸ்டேஷனை முனையமாக்கச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கோரிக்கை இருக்கிறது. இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ‘சவுத் மெட்ராஸ் மேல உங்களுக்கு எப்பவும் ஒரு காண்டு’ என்பார். ஆலைகளைப் பற்றிப் பேசினால், ‘வளர்ச்சியைப் பொறுக்க முடியாதவர்கள்’ என்று பெயர். அடையாறு ஆலமரத்தை எண்ணூருக்குப் பிடுங்கி வந்து நட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணூர்ச் சாம்பலை அடையாற்றில் கொட்டச் சொல்லியும் கேட்கவில்லை. ‘மாத்திக்கலாமா’ என்ற சோதனை இங்கே பொருந்தவே பொருந்தாது. அடுத்தவன் பொருள் மேல் கண் இல்லை, நம் பொருளைப் பற்றித்தான் பேச்சு.

தமிழ் இந்த இடத்தில் நமக்கு உதவுவதில்லை என்று தோன்றுகிறது. ‘அவன் நல்லா இருக்கிறது பொறுக்கல’, ‘இந்த வாடையைப் பொறுக்க முடியல’ — இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வினை. பொறுத்துப் போவதை அறமாக உயர்த்தி வைத்திருக்கும் மொழியில், பொறுக்க மாட்டேன் என்று எழுந்து நிற்கிறவன் பொறாமைக்காரன் வரிசையில் போய்ச் சேர்வது ரொம்பச் சுலபம். நம் பகுதிக்குச் சொல் விஷயத்தில் இது புதுசும் இல்லை. புறம்போக்கு என்றால் எல்லோருக்கும் பொதுவான நிலம். அது எப்படியோ வசைச்சொல் ஆனது. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’, கபேர் வாசுகி எழுதியது, அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்தைத் திரும்பக் கேட்டது. ஒரு சொல்லை இழந்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலத்தைப் பேசும் வழியும் போய்விடுகிறது.

அதனால் வகுப்புக் கரும்பலகையில் கடைசியில் மூன்று வரி நின்றது. அடுத்தவனிடம் இருப்பது எனக்கும் வேண்டும்: என்வி, பொறாமை. என்னிடம் இருப்பது போய்விடுமோ: ஜெலஸி, பொசசிவ். எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்: ரிசென்ட்மென்ட். மூன்றாவதற்குத் தமிழில் என்ன போடுவது என்று பத்து நிமிஷம் பேசினோம். ஆதங்கம் என்றார்கள், அதில் வருத்தம்தான் கூட. மனத்தாங்கல் என்றேன், அது சொந்தக்காரர்களுக்குள் வருவது என்றாள் ஒருத்தி. ஆற்றாமையும் பொறாமை மாதிரியே ‘முடியாமை’யில் போய் நிற்கிறது. ‘நியாயமான கோவம்’னு ரெண்டு வார்த்தையாவே வைங்கண்ணா என்று ஒருவன் முடித்து வைத்தான்.

தாத்தாவின் ஆற்றை எழுதிய பையன் தன் வாக்கியத்தை மாற்றவில்லை. தாத்தா அந்த ஆற்றில் நீந்திய நாட்கள் தனக்குக் கிடைக்கவில்லை, அந்த நாட்களுக்காக என்வி. ஆற்றுக்காக மற்றது என்று சொன்னான். அரிஸ்டாட்டில், நாம் பொறாமைப்படுவது வயதிலும் இடத்திலும் பேரிலும் நமக்குச் சமமாக, பக்கத்தில் இருப்பவர்கள் மேல்தான் என்று எழுதினார். பேரன் தாத்தா மேல் பொறாமைப்படுகிற நிலைமை அவர் கணக்கில் இருந்ததா தெரியாது. நான் அந்த வாக்கியத்துக்கு டிக் போட்டேன்.

வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது அவன் கேட்டான். “இந்த வாக்கியத்த இன்டர்வியூல சொல்லலாமாண்ணா?”

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். ஆற்றங்கரையிலேயே இருக்கிற ஆலை. அப்ரென்டிஸ் வேலை, கேன்டீன் உண்டு, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். வீட்டில் எல்லோரும் அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள், தாத்தா உட்பட.

இலக்கணம் சரியாக இருக்கிறது, அங்கே மட்டும் வேறு உதாரணம் சொல் என்றேன். “புல்லட்டயே சொல்லிக்கிறேன்” என்று சிரித்தான்.